சவுத் கீ நிலையம் ஏன் 125 மீட்டர் தள்ளிப் போனது? இலகு ரயில் நிலையங்கள் மறுகட்டுமானம் பற்றி ஓர் எளிய விளக்கம்

நகர ரயில்களின் நெரிசலைப் பற்றிப் பேச்சு வந்தால், "இன்னும் இரண்டு பெட்டிகளைச் சேர்த்துவிட வேண்டியதுதானே" என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் பெட்டியைச் சேர்ப்பது கடைசியில் செய்யும் வேலை என்பதும், அதற்கு முன்பாக நிலையம், பாலம், வளைவு, சிக்னல் ஆகிய நான்கும் இடம் கொடுக்க வேண்டும் என்பதும் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. இதை விளங்கிக்கொள்ள லண்டனின் கிழக்குப் பகுதியில் உள்ள சவுத் கீ என்ற சிறிய இலகு ரயில் நிலையத்தைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1987ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த நிலையம், 22 ஆண்டுகளே ஓடிய நிலையில் கைவிடப்பட்டு, அதே பாதையில் 125 மீட்டர் கிழக்கே 2009ஆம் ஆண்டு புதிதாகக் கட்டப்பட்டது.

இதற்குப் பொதுவாக இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. 1996ஆம் ஆண்டு குண்டுவெடிப்பில் நிலையம் அழிந்துபோனதால்தான் புதியது கட்டினார்கள் என்பது ஒன்று. முதலில் கட்டியவர்களுக்குத் தொலைநோக்கு இல்லை என்பது மற்றொன்று. முதல் காரணம் தவறு. இரண்டாவதில் ஓரளவு உண்மை இருந்தாலும், அது சொல்லப்படும் விதத்தில் நியாயம் இல்லை என்பது என் கருத்து. உண்மையான காரணம் ஒரு வளைவு.

"இலகு" என்ற சொல் எதைக் குறிக்கிறது

இலகு ரயில் என்றவுடன் எடை குறைந்த தகரப் பெட்டி என்றோ, உயரத்தில் ஓடும் எல்லா ரயிலும் இலகு ரயில்தான் என்றோ எண்ணிவிடுகிறோம். சென்னைக் கடற்கரையிலிருந்து வேளச்சேரி செல்லும் பறக்கும் ரயில் தூண்களின் மேல் ஓடுகிறது. ஆயினும் அது இலகு ரயில் அன்று. புறநகர்ப் பாதையில் ஓடும் அதே அகலப்பாதை மின்தொடர்தான் அங்கும் ஓடுகிறது. மாறாக, சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கிலும் செங்காங்கிலும் குடியிருப்புகளுக்கு நடுவே ஒன்றிரண்டு பெட்டிகளுடன் வளைந்து செல்வது இலகு ரயில்.

இந்தக் கட்டுரையில் இலகு ரயில் என்பது, குட்டையான ரயில் தொடர்களுக்காகவும் குறைந்த சுமைக்காகவும் வடிவமைக்கப்பட்ட நகர ரயில் அமைப்பைக் குறிக்கும். தொடர் குட்டை என்பதால் நிலையமும் குட்டையாக இருந்தால் போதும். சுமை குறைவு என்பதால் பாலம் ஒல்லியாக இருந்தால் போதும். பெரிய ரயிலால் ஏற முடியாத சரிவிலும், திரும்ப முடியாத முடுக்கிலும் அது சென்றுவிடும். எனவே வீடுகளையும் கட்டடங்களையும் இடிக்காமல், இருக்கின்ற இடைவெளிகளுக்குள் பாதையை நுழைத்துவிடலாம்; செலவும் பெருமளவு குறையும். "இலகு" என்ற அடைமொழி, பெட்டி, பாலம், நிலையம், வளைவு ஆகிய அனைத்தையும் சேர்த்தே குறிக்கிறது. அவற்றுள் ஒன்றை மட்டும் மாற்ற முயன்றால் மற்றவை தடுக்கும்.

கப்பல்கள் போன இடத்துக்கு வந்த ரயில்

தேம்ஸ் நதி பெரிய வளையமாகத் திரும்பும் இடத்தில் ஐல் ஆஃப் டாக்ஸ் என்ற தீபகற்பம் இருக்கிறது. அங்கே 1802ஆம் ஆண்டு வெஸ்ட் இந்தியா கப்பல்துறையும், 1868ஆம் ஆண்டு மில்வால் கப்பல்துறையும் திறக்கப்பட்டன. உலகின் பல திசைகளிலிருந்து வந்த சரக்குகள் அங்கே இறங்கின. கொள்கலன் கப்பல்கள் வந்தபோது அந்தக் குறுகிய துறைகளுக்குள் அவற்றால் நுழைய முடியவில்லை. வணிகம் ஆற்றின் முகத்துவாரத்தை நோக்கி, டில்பரி துறைமுகத்துக்கு நகர்ந்தது. 1980ஆம் ஆண்டு இவ்விரு துறைகளும் மூடப்பட்டன. வேலைகள் போயின, கிடங்குகள் வெறிச்சோடின.

அடுத்த ஆண்டு, 1981இல், இப்பகுதியைப் புதுப்பிப்பதற்கென ஒரு வளர்ச்சிக் கழகத்தை அரசு அமைத்தது. மக்களும் நிறுவனங்களும் இங்கே வரவேண்டுமானால் போக்குவரத்து வேண்டும். சுரங்க ரயில் பாதையை நீட்டுவதற்கு ஆகும் செலவை ஏற்க அப்போது யாரும் முன்வரவில்லை. அதனால் இலகு ரயில் தேர்ந்தெடுக்கப்பட்டது. 7.7 கோடி பவுண்டு செலவில், 15 நிலையங்களுடன், சுமார் 13 கிலோமீட்டர் நீளத்தில் டாக்லண்ட்ஸ் இலகு ரயில் கட்டி முடிக்கப்பட்டது. 1987 ஜூலை 30 அன்று இரண்டாம் எலிசபெத் அரசி அதைத் திறந்து வைத்தார். ஆகஸ்ட் 31 அன்று பொதுமக்கள் சேவை தொடங்கியது. மொத்தம் 11 வண்டிகளே இருந்தன.

செலவு இவ்வளவு குறைந்ததற்கு ஒரு பெரிய காரணம், பழைய பாதைகளைப் பயன்படுத்திக்கொண்டதுதான். மேற்கு முனையில் புதிய ரயில் ஏறிச்சென்ற செங்கல் வளைவுப் பாலம், 1840ஆம் ஆண்டு திறக்கப்பட்ட லண்டன் - பிளாக்வால் ரயில்வேக்காகக் கட்டப்பட்டது. அந்த ரயில்வே முதல் சில ஆண்டுகள் எஞ்சின் இல்லாமலே ஓடியது. பாதையின் முனையில் நிலையாக நிறுத்தப்பட்ட நீராவி இயந்திரம் கயிற்றைச் சுருட்ட, வண்டிகள் இழுபட்டுச் சென்றன. தெற்கே, மில்வால் பூங்காவைக் கடக்கும் பாலமும் பழைய ரயில்பாதை ஒன்றின் மிச்சமே. ஆனால் இவ்விரண்டுக்கும் நடுவில், கப்பல்துறைகளின் நீர்ப்பரப்பைக் கடக்கும் பகுதியில் பழைய பாதை எதுவும் கிடைக்கவில்லை. அங்கே புதிய மேம்பாலப் பாதை, கிடைத்த இடத்துக்கு ஏற்ப இடமும் வலமுமாக முடுக்கு முடுக்காகத் திரும்பிச் சென்றது. அந்தத் திருப்பங்களுக்கு இடையே வைக்கப்பட்டதுதான் சவுத் கீ நிலையம்.

சுருங்கச் சொன்னால்: வெறிச்சோடிக் கிடந்த ஒரு பகுதிக்குக் குறைந்த செலவில் போக்குவரத்து கொண்டுவர வேண்டியிருந்தது, அதற்காகக் குட்டையான தொடர், குட்டையான நிலையம், முடுக்கான வளைவு ஆகியவை தெரிந்தே தேர்ந்தெடுக்கப்பட்டன.

கூட்டம் கணிப்பை மீறியது

பாதை திறப்பதற்கு முன்பே கணிப்புகள் பொய்த்துவிட்டன. கேனரி வார்ஃப் என்ற இடத்தில் மாபெரும் அலுவலக வளாகம் வரப்போவது உறுதியானதும், அங்கே மற்ற நிலையங்களைப் போலவே எளிமையாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த நிலையம், பயணிகள் யாரும் ஏறி இறங்கும் முன்பே இடிக்கப்பட்டது. அதற்குப் பதிலாக மூன்று தண்டவாளங்களும் ஆறு நடைமேடைகளும் கண்ணாடிக் கூரையும் கொண்ட பெரிய நிலையம் 1991ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதே ஆண்டில், 235 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்றும் அதன் பக்கத்தில் எழுந்து முடிந்தது. பாதையும் மேற்கே நகரின் நிதி மையமான பேங்க் நிலையம்வரை சுரங்கமாக நீட்டப்பட்டது.

தொலைநோக்கு இல்லை என்று குறை சொல்பவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். பாதையைத் திட்டமிட்ட 1980களின் தொடக்கத்தில் அங்கே கோபுரமும் இல்லை, அதைக் கட்டப்போகும் நிறுவனமும் இல்லை. ரயில் வந்ததால்தான் கட்டடங்கள் வந்தன. கட்டடங்கள் வந்ததால் ரயில் போதவில்லை. முதலிலேயே பெரிதாகக் கட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்திருந்தால், பெரும்பாலும் எதுவுமே கட்டப்பட்டிருக்காது.

பந்திக் கணக்கு

ஒரு ரயில் பாதை ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரைக் கொண்டுசேர்க்க முடியும் என்பதைக் கொள்திறன் என்கிறோம். கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். நூறு இலை போடும் கூடத்தில் ஒரு மணி நேரத்தில் இரண்டு பந்தி நடந்தால் இருநூறு பேர் சாப்பிடலாம். ஐந்நூறு பேர் வந்துவிட்டால் செய்யக்கூடியவை இரண்டே: பந்தியை விரைவாக மாற்றலாம், அல்லது இலைகளின் வரிசையை நீட்டலாம். பந்தியை மாற்றும் வேகத்துக்கு எல்லை உண்டு. எழுந்திருக்கவும், இலை எடுக்கவும், துடைக்கவும் நேரம் வேண்டும். வரிசையை நீட்டுவதற்கும் எல்லை உண்டு. அந்த எல்லை கூடத்தின் சுவர்.

ரயிலில் பந்தி மாறும் வேகம் என்பது, ஒரு தொடருக்கும் அடுத்த தொடருக்கும் உள்ள கால இடைவெளி. பழைய முறையில் பாதையைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு தொடர் இருக்கும்வரை அடுத்ததை உள்ளே விடமாட்டார்கள். ஒற்றை மரப்பாலத்தில் ஒருவர் கரையேறிய பிறகே அடுத்தவர் கால் வைப்பதைப் போன்றது அது. டாக்லண்ட்ஸ் இலகு ரயில் 1990களின் நடுப்பகுதியில் நகரும் இடைவெளி முறைக்கு மாறியது. இம்முறையில், முன்னால் செல்லும் தொடர் எங்கே இருக்கிறது, தான் நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்ற கணக்கு ஓயாமல் போடப்பட்டுக்கொண்டே இருக்கும். ஊர்வலத்தில் நடப்பவர்கள் முன்னால் செல்பவரின் முதுகைப் பார்த்து நடப்பதைப் போல, தொடர்கள் பாதுகாப்பான தூரத்தில் நெருங்கிச் செல்லும். ஓட்டுவது கணினிதான், ஆனால் ஆளே இல்லாத ரயில் என்று பலர் நினைப்பதுபோல் அன்று, கதவுகளைக் கவனிக்கவும் பயணிகளுக்கு உதவவும் ஒவ்வொரு தொடரிலும் ஓர் ஊழியர் இருக்கிறார்.

இதன் பிறகும் கூட்டம் கூடிக்கொண்டே போனது. பாதைகள் பிரியும் இடங்களிலும் முனையங்களிலும் தொடர்கள் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்க வேண்டியிருந்ததால், இடைவெளியை மேலும் குறைப்பது கடினமாயிற்று. மிஞ்சியது வரிசையை நீட்டுவதுதான். கணக்கின் வடிவத்தைக் காட்டுவதற்காக மட்டும் ஓர் எண்ணிக்கை சொல்கிறேன்: ஒரு தொடரில் 400 பேர் வீதம் மணிக்கு 20 தொடர்கள் சென்றால் 8,000 பேர். அதே 20 தொடர்கள் ஒன்றரை மடங்கு நீளமானால் 12,000 பேர். சிக்னலைத் தொடாமல், நேரத்தை மாற்றாமல், பாதி அளவு கூடுதலாகக் கிடைக்கிறது.

இங்கே ஒரு சொல்லை வரையறுத்துக்கொள்ள வேண்டும். இந்த ரயிலின் அடிப்படைத் துண்டு, நடுவில் துருத்தி போன்ற மடிப்பு இணைப்புடன் இரண்டு பாதிகளாக இருக்கும் சுமார் 28 மீட்டர் நீள வண்டி. அதை அலகு என்று குறிப்பிடுகிறேன். தொடக்கத்தில் ஒரு தொடர் என்பது ஓர் அலகு மட்டுமே. பேங்க் நீட்டிப்பின்போது நிலையங்கள் இரண்டு அலகுகளுக்கு ஏற்ப நீட்டப்பட்டன. 2000களின் பிற்பகுதியில் மூன்று அலகுகளுக்கு, அதாவது சுமார் 86 மீட்டருக்கு நீட்ட முடிவானது. பெரும்பாலான நிலையங்களில் நடைமேடையின் முனையில் இன்னும் ஒரு துண்டைச் சேர்த்தால் வேலை முடிந்தது. சவுத் கீயில் அது முடியவில்லை. ஏனென்றால் நிலையத்தின் இரு முனைகளிலும் முடுக்கான வளைவுகள் இருந்தன. பந்திக் கூடத்தின் சுவர் அங்கேதான் எழுந்து நின்றது.

நேரான பெட்டியும் வளைந்த நடைமேடையும்

வளைவு இருந்தால் என்ன, நடைமேடையையும் அதற்கேற்ப வளைத்துக் கட்டிவிடலாமே என்று தோன்றும். பழைய நிலையங்கள் பலவற்றில் வளைந்த நடைமேடைகள் இருக்கத்தான் செய்கின்றன. சிக்கல் நடைமேடையில் இல்லை. பெட்டி நேராக இருப்பதில்தான் இருக்கிறது.

இரண்டு பேர் ஒரு நீண்ட ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு குறுகிய சந்தில் முடுக்கு திரும்புவதை மனத்தில் கொண்டுவாருங்கள். முன்னவர், பின்னவர் இருவருமே சந்தின் நடுவிலேதான் நடக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு இடையே இருக்கும் ஏணியின் நடுப்பகுதி, திருப்பத்தின் உள்பக்கச் சுவரை நோக்கிச் சாய்ந்து உரசப் பார்க்கும். அதே நேரத்தில், அவர்களின் தோளுக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் ஏணியின் முனைகள் எதிர்ப்பக்கச் சுவரை நோக்கி வெளியே தள்ளும்.

ரயில் பெட்டியும் அந்த ஏணிதான். அதைச் சுமக்கும் இரண்டு ஆட்களின் இடத்தில் இருப்பவை போகிகள். பேச்சு வழக்கில் நாம் பெட்டியையே போகி என்கிறோம். பொறியியலில் போகி என்பது பெட்டிக்கு அடியில் தனியாகத் திரும்பக்கூடிய சக்கரச் சட்டம். போகிகள் தண்டவாளத்தை விட்டு விலகுவதில்லை. அவற்றுக்கு இடைப்பட்ட பெட்டியின் நடுப்பகுதி வளைவின் உள்பக்கம் தள்ளும். போகிகளுக்கு அப்பாலுள்ள முனைகள் வெளிப்பக்கம் தள்ளும்.

இனி நடைமேடையைப் பார்ப்போம். வளைவின் உள்பக்கம் நடைமேடை இருந்தால், பெட்டியின் நடுப்பகுதி உரசாதபடி அதைத் தள்ளிக் கட்ட வேண்டும். அப்போது பெட்டியின் முனைகளில் உள்ள கதவுகளுக்கும் நடைமேடைக்கும் இடையில் பள்ளம் விழும். வெளிப்பக்கம் இருந்தால், முனைகள் உரசாதபடி தள்ளிக் கட்ட வேண்டும். நடுக் கதவுகளில் பள்ளம் விழும். எந்தப் பக்கம் கட்டினாலும் ஏதோ ஒரு கதவில் இடைவெளி வந்தே தீரும்.

எவ்வளவு இடைவெளி என்பதையும் எளிதாகக் கணக்கிடலாம். இரு போகிகளுக்கும் இடையே 10 மீட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தத் தூரத்தை அதனாலேயே பெருக்கி, வளைவின் ஆரத்தைப் போல் எட்டு மடங்கால் வகுத்தால், பெட்டியின் நடுப்பகுதி எவ்வளவு விலகும் என்பது கிடைக்கும். ஆரம் என்பது, அந்த வளைவை முழு வட்டமாக வரைந்தால் அதன் மையத்திலிருந்து பாதைவரை உள்ள தூரம். ஆரம் 1,000 மீட்டராக இருந்தால் விலகல் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல், கண்ணுக்கே தெரியாது. 200 மீட்டரானால் 6 சென்டிமீட்டர். இலகு ரயிலுக்கே உரிய 40 மீட்டர் வளைவானால் 31 சென்டிமீட்டர், ஏறத்தாழ ஓர் அடி. ஒரு குழந்தையின் கால் உள்ளே போய்விடும் அளவு.

டாக்லண்ட்ஸ் இலகு ரயிலில் இது இன்னும் கடுமையான சிக்கல். பெட்டியின் தளமும் நடைமேடையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், சக்கர நாற்காலியில் வருபவர் யாருடைய உதவியும் இல்லாமல் உருட்டிக்கொண்டு ஏறிவிட வேண்டும் என்பது தொடக்கத்திலிருந்தே அதன் கொள்கை. 1987ஆம் ஆண்டில் பிரிட்டனின் பழைய ரயில்களில் காண முடியாத வசதி அது. நகரில் ரயில் ஏற முடியாமல் வீட்டுக்குள் முடங்கியவர்களை எண்ணிப் பார்த்தால், இந்த ஒரு கொள்கைக்காகவே அந்த ரயிலைக் கட்டியவர்களைப் பாராட்டத் தோன்றுகிறது. ஓரடிப் பள்ளத்தை அனுமதித்தால் அந்தக் கொள்கை அங்கேயே முடிந்துவிடும். எனவே நடைமேடை முழுவதும் நேரான, அல்லது ஏறத்தாழ நேரான பாதையின் ஓரத்தில் இருந்தாக வேண்டும். இரண்டு அலகு நீளத்துக்குச் சவுத் கீயில் நேர்ப்பாதை இருந்தது. மூன்று அலகு நீளத்துக்கு இல்லை.

சுருங்கச் சொன்னால்: குட்டையான தொடருக்குப் போதுமாக இருந்த நேர்ப்பாதை, நீளமான தொடருக்குப் போதவில்லை. குறைந்த செலவில் பாதையை நுழைக்க உதவிய அதே முடுக்கு வளைவுதான் பிற்காலத்தில் நிலையத்தைப் பெயர்க்கவும் காரணமாயிற்று.

பாலத்துக்கும் கணக்கு உண்டு

நீண்ட தொடரால் பாலத்துக்கு என்ன, எடை நீள வாக்கில் பரவித்தானே இருக்கும் என்று கேட்கலாம். பாதி சரி. ஆனால் ஓடும் பேருந்து திடீரென நின்றால் எல்லோரும் முன்னோக்கிச் சாய்வது போல, ரயில் பிரேக் போடும்போது அதன் வேகம் முழுவதையும் தண்டவாளம் தாங்கிப் பிடிக்க வேண்டும். தண்டவாளம் அந்தத் தள்ளலைப் பாலத்துக்கும், பாலம் தூண்களுக்கும் கடத்தும். தொடர் ஒன்றரை மடங்கானால் தள்ளலும் ஒன்றரை மடங்கு. அதோடு, முன்பு பாலத்தின் ஒரு பகுதியில் மட்டும் நின்ற எடை, இப்போது பல தூண் இடைவெளிகளின் மேல் ஒரே நேரத்தில் நிற்கும். இதனால்தான் மூன்று அலகுத் தொடர்களுக்கு மாறும்போது நடைமேடைகளை நீட்டியதோடு நில்லாமல், ஒல்லியான பாலங்கள் பலவற்றையும் வலுப்படுத்த வேண்டியிருந்தது. பயணிகள் கண்ணில் படாத வேலை இது.

குண்டுவெடிப்பும் இடமாற்றமும் வேறு வேறு

1996 பிப்ரவரி 9 அன்று மாலை, சவுத் கீ நிலையத்துக்கு அருகே நிறுத்தப்பட்டிருந்த லாரியில் ஐரிஷ் குடியரசுப் படை வைத்திருந்த குண்டு வெடித்தது. அந்த அமைப்பு 17 மாதங்களாகக் கடைப்பிடித்துவந்த போர்நிறுத்தம் அன்றோடு முடிந்தது. இரண்டு பேர் உயிரிழந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். சுற்றியிருந்த கட்டடங்கள் சிதைந்தன, நிலையமும் சேதமடைந்தது.

ஆனால் நிலையம் பழுதுபார்க்கப்பட்டு அதே ஆண்டு ஏப்ரல் மாதமே மீண்டும் திறக்கப்பட்டது. அதன் பிறகு 13 ஆண்டுகளுக்கும் மேலாக அதே இடத்தில் இயங்கியது. பழுதுபார்ப்பு என்பது இருந்ததை இருந்தபடி மீட்பது. மறுகட்டுமானம் என்பது தேவை மாறியதால் வடிவத்தை மாற்றுவது. 1996இல் நடந்தது முன்னது, 2009இல் நடந்தது பின்னது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்வதால், உயிரிழந்தவர்களின் நினைவும் துல்லியம் இழக்கிறது, பொறியியல் காரணமும் மறைந்துபோகிறது.

புதிய இடம்

பழைய நிலையத்திலிருந்து 125 மீட்டர் கிழக்கே, மில்வால் கப்பல்துறை நீரின் மேல், மூன்று அலகுகள் நிற்கும் அளவுக்கு நேர்ப்பாதை கிடைத்தது. அங்கே கட்டப்பட்ட புதிய சவுத் கீ நிலையம் 2009 அக்டோபர் 26 அன்று திறக்கப்பட்டது. 2010 பிப்ரவரியில், சவுத் கீ வழியாகச் செல்லும் பேங்க் - லூயிஷம் தடத்தில் மூன்று அலகுத் தொடர்கள் ஓடத் தொடங்கின.

இடம் மாற்றுவதில் மறைவான ஓர் ஆதாயமும் உண்டு. இருக்கும் நிலையத்தையே உடைத்துக் கட்டினால், பயணிகளுக்கு மாதக்கணக்கில் நிலையம் கிடையாது. தள்ளிக் கட்டினால், புதியது தயாராகும்வரை பழையதிலேயே ஏறி இறங்கலாம். குடியிருக்கும் வீட்டை இடிக்காமல், கொல்லையில் புது வீட்டைக் கட்டி முடித்துவிட்டுக் குடி பெயர்வது போலத்தான் இது. கப்பல்துறையின் நீர்ப்பரப்பு அந்தக் கொல்லையாக உதவியது.

எல்லா மறுகட்டுமானமும் நீட்டுவது அன்று

அதே டாக்லண்ட்ஸ் இலகு ரயிலின் டவர் கேட்வே முனையம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. லண்டன் கோபுரக் கோட்டைக்கு அருகே, பழைய செங்கல் பாலத்தின் மேல் 1987இல் கட்டப்பட்ட அந்த முனையத்தில், இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே ஒரே ஒரு குறுகலான நடைமேடை இருந்தது. இறங்கி வருபவர்களும் ஏறப் போகிறவர்களும் அதே இடத்தில் முட்டிக்கொண்டார்கள். பாலத்தின் அகலத்தை மாற்ற வழியில்லை. 2008 ஜூன் 30 அன்று மூடப்பட்டு 2009 மார்ச் 2 அன்று மீண்டும் திறக்கப்பட்டபோது, அங்கே ஒரு தண்டவாளமே இருந்தது. அதன் இருபுறமும் இரண்டு நடைமேடைகள். ஒருபுறக் கதவுகள் வழியே இறங்குவார்கள், மறுபுறக் கதவுகள் வழியே ஏறுவார்கள். தண்டவாளத்தைக் குறைத்தால் திறன் குறையும் என்று தோன்றும். ஆனால் நிலையத்தில் வீணாவது தொடர் நிற்கும் நேரம்தான். ஏறுவோரையும் இறங்குவோரையும் பிரித்துவிட்டால் அந்த நேரம் சுருங்குகிறது. கோயில் கருவறையில் ஒரு வாசல் வழியே உள்ளே விட்டு மற்றொரு வாசல் வழியே வெளியே அனுப்புகிறார்களே, அதே முறைதான்.

புட்டிங் மில் லேன் நிலையம் வேறு ஒரு காரணத்துக்காக இடம் பெயர்ந்தது. 1996இல் திறக்கப்பட்ட அந்தச் சிறிய நிலையம், 2012 ஒலிம்பிக் மைதானத்துக்கு மிக அருகில் இருந்தும், விளையாட்டுகள் நடந்த நாள்களில் மூடி வைக்கப்பட்டது. அவ்வளவு கூட்டத்தை அதனால் தாங்க முடியாது. பின்னர் புதிய சுரங்க ரயில் பாதையின் வாய் அதே இடத்தில் அமைய வேண்டியிருந்ததால், 2014 ஏப்ரலில் பக்கத்திலேயே பல மடங்கு பெரிய நிலையமாகக் கட்டப்பட்டது.

நீட்டவும் முடியாது, நகர்த்தவும் முடியாது என்றால்

லூயிஷம் தடத்தில் கிரீனிச் பகுதியின் அடியில் கட்டி சார்க் நிலையம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டு சுரங்கத்துக்குள் திறக்கப்பட்ட அதன் நடைமேடை இரண்டு அலகு நீளம். மேம்பால நிலையம் என்றால் முனையில் ஒரு துண்டை ஒட்டலாம். சவுத் கீயைப் போல நகர்த்தவும் செய்யலாம். சுரங்கத்தில் அப்படி இல்லை. நடைமேடையை நீட்ட வேண்டுமானால், குழாய் போன்ற சுரங்கத்தையே அகலமாக வெட்ட வேண்டும்; மேலே இருப்பதோ வரலாற்றுச் சிறப்புமிக்க பழைய நகரப் பகுதி. செலவும் ஆபத்தும் கட்டுப்படியாகாது என்பதால் நிலையத்தைத் தொடாமல் விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பதிலாக, தேர்ந்தெடுத்த கதவுகளை மட்டும் திறக்கும் முறை அங்கே கையாளப்படுகிறது. மூன்று அலகுத் தொடர் வந்து நிற்கும்போது அதன் முன்முனையும் பின்முனையும் நடைமேடையைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் இருக்கும். அந்த முனைகளின் கதவுகளைக் கணினி திறப்பதில்லை. முனைப் பாதியில் இருப்பவர், துருத்தி மடிப்பைக் கடந்து அதே அலகின் உள்பக்கப் பாதிக்கு நடந்து வந்து இறங்க வேண்டும். அலகின் நடுவே அந்த மடிப்பு இணைப்பு இருப்பதால்தான் இது முடிகிறது. அது இல்லாத தனிப்பெட்டிகளாக இருந்திருந்தால் முனையில் இருப்பவர் உள்ளேயே மாட்டிக்கொள்வார். நெரிசலான காலையில், எந்தப் பகுதியில் ஏறினால் கட்டி சார்க்கில் இறங்கலாம் என்பதைப் புதிதாக வருபவருக்கு நிலைய அறிவிப்புகளும் ஊழியரும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. வழக்கமாக வருபவர்களோ கிளம்பும் நிலையத்திலேயே நடைமேடையின் நடுப்பகுதிக்கு நடந்துபோய் நின்றுகொள்கிறார்கள்.